மாணவர் பிரதிநிதி ஆனால் என்ன கிடைக்கும், அதை எப்படிச் சம்பாதிப்பது

"யார் பிரதிநிதியாக இருக்கிறீர்கள்?" என்று வகுப்பில் கேட்டதும் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். ரெஸ்யூமில் ஒரு வரி சேர்க்கலாமே என்று நினைத்து ஒன்றிரண்டு பேர் கை தூக்குவார்கள். அந்த ஒரு வரி பெயர் கொடுத்த எல்லாருக்கும் கிடைத்துவிடும். உண்மையான பலன் அதைவிடப் பெரியது. ஒரு பெரிய நிறுவனத்தில் முடிவுகள் எங்கே, யாரால், எந்தக் காகிதத்தின் மேல் எடுக்கப்படுகின்றன என்று இருபது வயதிலேயே உள்ளேயிருந்து பார்க்கலாம். வகுப்பின் முணுமுணுப்பை, ஒரு அதிகாரி "சரி" என்று எழுதக்கூடிய கோரிக்கையாக மாற்றப் பழகலாம். ஆனால் இவை பதவியோடு சேர்ந்து வருவதில்லை. ஒரு குறையைக் கையில் எடுத்து, அது தீரும்வரையோ தீராது என்று உறுதியாகத் தெரியும்வரையோ விடாமல் கூடவே போனவர்களுக்குத்தான் வரும். அதனால் பலனையும் வேலைமுறையையும் இங்கே பிரிக்காமல் சேர்த்தே சொல்கிறோம்.

உங்களிடம் மட்டும் இருக்கும் தகவல்

ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்தைப் பார்க்கிறார். அலுவலகம் கோப்புகளைப் பார்க்கிறது. துறைத் தலைவர் கால அட்டவணையைப் பார்க்கிறார். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை அந்த அட்டவணைக்குள் வாழ்கிறவர்கள் மாணவர்கள் மட்டும்தான். மூன்று ஆசிரியர்கள் தனித்தனியே யோசித்து ஒரே வெள்ளிக்கிழமையை அசைன்மென்ட்டின் கடைசி நாளாக வைப்பார்கள். மூவர் மேலும் தவறில்லை. மற்ற இருவர் வைத்த தேதி எவருக்கும் தெரியாது, அவ்வளவுதான். ஒரு தாளில் ஐந்து பாடங்களின் தேதிகளையும் வரிசையாக எழுதி மூவரிடமும் காட்டினால், பெரும்பாலும் அன்றைக்கே ஒருவர் தேதியைத் தள்ளிவைப்பார். பிரதிநிதியின் பலம் குரலை உயர்த்துவதில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மற்றவர்களுக்குத் தெரியாத இந்த முழுப் படம் உங்களிடம் இருக்கிறது, பலம் அங்கேதான்.

இது நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. இடைக்கால இத்தாலியின் பொலோஞ்ஞாவில் மாணவர் சங்கங்களே தங்களுக்குள் ஒருவரை ரெக்டராக, அதாவது தலைவராகத் தேர்ந்தெடுத்தன. விரிவுரையைத் தாமதமாகத் தொடங்கிய ஆசிரியருக்கு அபராதம்கூட உண்டு. 1918இல் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் எழுந்த மாணவர் போராட்டம், பல்கலைக்கழக நிர்வாகத்தில் மாணவருக்கும் பங்கு வேண்டும் என்ற கோரிக்கையை லத்தீன் அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. இன்று உங்களுக்குத் தரப்படும் நாற்காலி சலுகையாகத் தெரியலாம். அதற்குப் பின்னால் நீண்ட உரிமைக் கதை இருக்கிறது.

பெயர் கொடுப்பதற்கு முன்

பிரதிநிதி என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேலைகள் இருக்கின்றன. வகுப்புப் பிரதிநிதி அன்றாடப் பிரச்சினைகளைப் பார்க்கிறார். துறைப் பிரதிநிதி பாடத்திட்டம், லேப், புராஜெக்ட் போன்றவற்றைப் பேசுகிறார். பல்கலைக்கழக அளவிலான குழுக்களில் இருப்பவர் தேர்வு விதிகள், நூலக நேரம், கட்டணம், மாணவர் நலன் என்று பெரிய விஷயங்களில் உட்காருகிறார். முதல்முறை என்றால் வகுப்பு அளவிலேயே தொடங்குங்கள். மேல்மட்டக் குழுவில் பேசுவதற்கு வேண்டிய சரக்கு கீழேயிருந்துதான் வரும்.

ஒப்புக்கொள்வதற்கு முன் ஐந்து விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செமஸ்டருக்கு எத்தனை கூட்டம்? அங்கே உங்களுக்கு வாக்கு உண்டா, பேச மட்டும் உரிமையா, அல்லது கேட்டுவிட்டு வருவதா? அஜெண்டாவில், அதாவது கூட்டத்தில் பேசப்போகும் பொருள்களின் பட்டியலில், பொருள் சேர்க்க உங்களால் முடியுமா? கூட்டத்துக்காக வகுப்பைத் தவறவிட்டால் அட்டெண்டன்ஸ் கிடைக்குமா? பயிற்சி, சான்றிதழ், மதிப்பெண் புள்ளி, ஊக்கத்தொகை ஏதாவது உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். சில பல்கலைக்கழகங்களில் இவை உண்டு, பலவற்றில் இல்லை. ஊகத்தில் இருப்பதைவிடக் கேட்டுவிடுவது நல்லது.

நேரத்தையும் நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். நாற்பது பேர் வகுப்புக்கு வாரம் ஒன்றரை முதல் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். செமஸ்டரின் முதல் இரண்டு வாரமும் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரமும் இதைப்போல் இரண்டு மடங்காகும். உங்களுக்கும் அப்போதுதான் படிப்புச் சுமை கூடும். ஏற்கெனவே வேறு இரண்டு பொறுப்புகளில் இருந்தால் ஒன்றை விட்டுவிட்டு வாருங்கள்.

தேர்தல் என்றால்

வாக்குறுதி இரண்டு போதும். இரண்டும் பிரதிநிதியின் கைக்கு எட்டக்கூடியவையாக இருக்கட்டும். "இன்டர்னல் மதிப்பெண்ணைக் கூட்டித் தருவேன்" என்பது யாராலும் முடியாதது. "அசைன்மென்ட் தேதிகள் எல்லாவற்றையும் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரே அட்டவணையாக வாங்கித் தருவேன்" என்பது முடியும். பேச இரண்டு நிமிடம் கொடுத்தால் ஒன்றரை நிமிடம் பேசிவிட்டு, மீதி அரை நிமிடத்தில் "வேறு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். வாக்கு கேட்கப் போகும்போது கடைசி வரிசையில் உட்காருகிறவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள், வேறு மொழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடம் முதலில் போங்கள். பிரச்சினை அதிகம் இருப்பதும் அவர்களுக்கே, அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதும் அவர்களே.

முதல் மூன்று வாரம்

பதவி கிடைத்ததும் எந்தக் கோரிக்கையையும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் வாசியுங்கள். போன ஆண்டுக் கூட்டங்களின் மினிட்ஸை (பேசியதையும் முடிவையும் பதிவுசெய்த குறிப்பை) வாங்கி, எந்தெந்தப் பிரச்சினை திரும்பத் திரும்ப வந்தது, எது "பரிசீலிக்கப்படும்" என்ற சொல்லோடு நின்றுபோனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து உங்கள் படிப்புக்கான விதிமுறைப் புத்தகம். அட்டெண்டன்ஸ், மறுமதிப்பீடு, அரியர், இடைநிறுத்தம் ஆகிய நான்கு பகுதிகளையாவது முழுதாகப் படியுங்கள். உங்களிடம் வரும் கேள்விகளில் பெரும்பகுதிக்கு விடை அங்கேயே இருக்கும். விதியைப் படித்தவர் என்ற பெயர் வந்துவிட்டால் மாணவர்களும் நம்புவார்கள், அலுவலகமும் மதிக்கும். வேலையில் சேர்ந்த பிறகு ஒப்பந்தம், சுற்றறிக்கை, கொள்கை ஆவணம் எதைப் பார்த்தாலும் மிரளாமல் இருப்பது இந்தப் பழக்கத்தால் வரும் பலன்தான்.

பிறகு ஆட்களைச் சந்தியுங்கள். துறைத் தலைவர், வகுப்பு ஆலோசகர், துறை அலுவலக உதவியாளர், லேப் பொறுப்பாளர், நூலகர். ஐந்து பேரிடமும் பத்துப் பத்து நிமிடம். "எங்கள் வகுப்பில் பிரச்சினை வந்தால் உங்களிடம் எப்படிச் சொல்வது வசதி?" என்ற ஒரே கேள்வி போதும். அலுவலக உதவியாளரைத் தவறவிடாதீர்கள். அஜெண்டாவுக்குக் கடைசித் தேதி எது, எந்தக் கோப்பு யார் மேசையில் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

குறையைக் கேட்பதும் எடை போடுவதும்

பிரதிநிதியின் திறமை முழுதும் இங்கேதான் இருக்கிறது.

"லேப் சரியில்லை" என்று ஒருவர் சொல்கிறார். இதை அப்படியே துறைத் தலைவரிடம் கொண்டுபோனால் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். வேறு பதில் சொல்ல அவரிடமும் எதுவும் இல்லை. அதனால் கேட்ட இடத்திலேயே நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த நாள், எத்தனை பேருக்கு, அதனால் என்ன கெடுகிறது, என்ன செய்தால் சரியாகும்? இந்த நான்கையும் கேட்ட பிறகு அதே குறை எப்படி மாறுகிறது பாருங்கள்.

செவ்வாய் லேப் வகுப்பில் 28 பேர். கணினிகள் 20, அவற்றில் 6 ஓடவில்லை. மிச்சம் 14. ஆக, இரண்டு பேருக்கு ஒரு கணினி. மூன்று மணி நேர லேப்பில் ஒருவர் கைக்குக் கணினி வருவது ஒன்றரை மணி நேரம். செய்முறைத் தேர்விலோ ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும். அதே அறையில் வியாழன் வகுப்புக்கு 12 பேர்தான் வருகிறார்கள். ஆகவே கோரிக்கை இது: 6 கணினிகளைச் சரிசெய்து, செவ்வாயிலிருந்து 8 பேரை வியாழனுக்கு மாற்றினால் இரண்டு நாளும் 20 பேருக்கு 20 கணினி. புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

இதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் துறைத் தலைவர் செய்ய வேண்டியது இரண்டே வேலை: பழுது பார்க்கிறவருக்கு ஒரு போன், கால அட்டவணையில் ஒரு திருத்தம். மாற்றத்துக்கு ஒப்புக்கொள்ளும் 8 பேரின் பெயரையும் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால் தயக்கத்துக்கும் இடமிருக்காது. அந்தப் பட்டியல் இல்லாமல் போகும்போதுதான் "யார் மாறுவது?" என்ற சண்டையில் நல்ல தீர்வும் நின்றுபோகிறது.

எல்லாரிடமும் கேட்பதற்கு ஒரு கூகுள் ஃபார்ம் போதும். கேள்விகள் மூன்றுக்கு மேல் வேண்டாம்: எது நன்றாகப் போகிறது, எது இடிக்கிறது, எதை மாற்றலாம். பெயர் கேட்காதீர்கள். பத்துக் கேள்வி வைத்தால் பத்துப் பேர்தான் பதில் எழுதுவார்கள். "எது நன்றாகப் போகிறது" என்ற கேள்வியை ஒப்புக்கு வைத்துவிட்டு ஒதுக்காதீர்கள். நன்றாக நடக்கும் ஒன்றைக் குறிப்பிட்டுத் தொடங்கும் அறிக்கையை ஆசிரியர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள், அந்த நல்ல வழக்கம் அடுத்த ஆண்டு கைவிடப்படாமலும் இருக்கும். நாற்பது பேரில் ஆறு பேர் மட்டும் பதில் எழுதினால் அதை "வகுப்பின் கருத்து" என்று கொண்டுபோகக் கூடாது. வகுப்பு முடிந்த ஐந்து நிமிடத்தில் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒருவரை மட்டும் பாதிக்கிற விஷயத்தையும் பலரைப் பாதிக்கிற விஷயத்தையும் பிரித்து வையுங்கள். ஒருவருடைய மதிப்பெண் குறைந்தது அவருடைய தனி மனு. வழியைச் சொல்லுங்கள், கூடப் போங்கள், குழுவில் எழுப்பாதீர்கள். திருத்திய விடைத்தாளை வகுப்பில் யாருக்குமே காட்டவில்லை என்றால் அது பிரதிநிதியின் வேலை. ஆசிரியர் ஒருவரைப் பற்றிய குறையானாலும் ஆளைப் பேசாமல் நடந்ததைப் பேசுங்கள். "அவருக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை" என்பதைவிட, "மூன்றாம் யூனிட்டில் கணக்குகளின் இடைப்படிகள் கரும்பலகையில் வருவதில்லை, 26 பேர் அந்த யூனிட்டை மறுபடி கேட்கிறார்கள்" என்பது நியாயமானது, பலன் தருவதும்கூட. முதலில் அந்த ஆசிரியரிடமே தனியாகச் சொல்லுங்கள். தன்னிடம் சொல்லாமல் துறைத் தலைவரிடம் போனது தெரிந்தால் யாருக்கும் மனம் கசக்கும். பிறகு செமஸ்டர் முழுக்க அந்தக் கசப்பு வகுப்பில் இருக்கும்.

கூட்டத்தில்

பெரும்பாலான குழுக்களில் கூட்டத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே அஜெண்டா மூடிவிடும். அந்தத் தேதியை விட்டுவிட்டால் உங்கள் விஷயம் "இதர பொருட்கள்" என்ற தலைப்பில், எல்லாரும் எழுந்து போகத் தயாராகும் நேரத்தில் வரும். எனவே தேதியை வாரங்களுக்கு முன்பே குறித்துவைத்து, ஒரு பக்கக் குறிப்பை அனுப்பிவிடுங்கள். மேலே சொன்ன லேப் விஷயத்துக்கான மின்னஞ்சல் இவ்வளவு இருந்தால் போதும்:

பொருள்: செவ்வாய் லேப் வகுப்பில் கணினிப் பற்றாக்குறை, தீர்வுக்கான வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஐயா, செவ்வாய் லேப்பில் 28 மாணவர்களுக்கு 14 கணினிகள் மட்டுமே இயங்குகின்றன. செய்முறைத் தேர்வுக்கு முன் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பயிற்சி தேவைப்படுகிறது. பழுதான 6 கணினிகளைச் சரிசெய்து, விருப்பம் தெரிவித்துள்ள 8 பேரை வியாழன் வகுப்புக்கு மாற்றினால் ஆளுக்கொரு கணினி கிடைக்கும். பெயர்ப் பட்டியலை இணைத்துள்ளேன். வரும் துறைக் கூட்டத்தின் அஜெண்டாவில் இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தொண்ணூறு நிமிடக் கூட்டத்தில் பதினான்கு பொருள் இருந்தால் ஒன்றுக்கு ஆறு நிமிடம்தான் வரும். உங்களுக்கு இரண்டு நிமிடம். நிலைமை, அதன் விளைவு, கோரிக்கை என்ற வரிசையில் சொல்லி நிறுத்திவிடுங்கள். நிறுத்திய பிறகு வரும் மௌனத்தைப் பேசி நிரப்பாதீர்கள். அந்த இடைவெளியில்தான் எதிரே இருப்பவர் யோசிக்கிறார்.

"பார்க்கிறோம்" என்று பதில் வந்தால் மரியாதையோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை யார் பார்க்கிறார்கள், எந்தத் தேதிக்குள் என்று மினிட்ஸில் எழுதிக்கொள்ளலாமா, ஐயா?" பொறுப்பாளர் பெயரும் தேதியும் எழுத்தில் வந்துவிட்டால் அந்த விஷயத்துக்கு உயிர் இருக்கும். வெறும் "பரிசீலிக்கப்படும்" என்று எழுதப்பட்டால் அடுத்த கூட்டத்தில் நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மினிட்ஸ் வரைவு வந்ததும் படித்துப் பாருங்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அது உறுதிசெய்யப்படும் முன்பே திருத்தம் கேட்க வேண்டும். வயதில் மூத்தவர்கள் நிறைந்த மேசையில் பயமில்லாமல், பணிவு குறையாமல் இப்படிப் பேசப் பழகுவதை எந்தப் பாடத்திலும் படிக்க முடியாது. நாலைந்து கூட்டம் போனவர்களிடம் இந்த நிதானம் கண்கூடாகத் தெரியும்.

திரும்பி வந்து சொல்வது

கூட்டம் முடிந்த இரண்டு நாளுக்குள் வகுப்புக் குழுவில் மூன்று வரி போடுங்கள்: என்ன சொன்னோம், என்ன பதில் வந்தது, எப்போது தெரியும். மறுத்துவிட்டார்கள் என்றாலும் காரணத்தோடு சொல்லுங்கள். நூலகத்தை நள்ளிரவு வரை திறந்து வைக்க ஆள் இல்லை என்று சொன்னால், அதை மறைக்காமல், தேர்வு வாரத்துக்கு மட்டும் கேட்டுப் பார்க்கப் போகிறோம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பதில் வராத வகுப்பு அடுத்த முறை ஃபார்மைத் திறக்காது. பல பிரதிநிதிகள் கூட்டத்தில் நன்றாகப் பேசியும் செல்வாக்கு இழப்பது இந்த மூன்று வரியை எழுதாததால்தான்.

சறுக்கும் இடங்கள்

முதலாவது, ஆசிரியர்களின் தூதராக மட்டும் ஆகிவிடுவது. நோட்டைத் திரட்டுவது, அறிவிப்பை அனுப்புவது, வராதவர்களுக்குப் போன் போடுவது என்றே செமஸ்டர் ஓடிவிடும். இவற்றைச் செய்யலாம், ஆனால் வகுப்பிலிருந்து மேலே போகும் விஷயம் மாதத்துக்கு ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். இரவு பதினொன்றுக்கு "நாளைக்கு கிளாஸ் உண்டா?" என்று இருபது பேர் தனித்தனியாகக் கேட்பார்கள். அறிவிப்புக்கு அட்மின் மட்டும் எழுதக்கூடிய ஒரு குழு, பேச்சுக்கு இன்னொரு குழு என்று பிரித்து, பதில் சொல்லும் நேரத்தை முதல் வாரமே அறிவித்துவிடுங்கள்.

இன்னொன்று மிகக் கவனமாகக் கையாள வேண்டியது. பாலியல் தொந்தரவு, ராகிங், சாதி அல்லது இனப் பாகுபாடு, தற்கொலை எண்ணம் என்று ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால் நீங்கள் விசாரணை அதிகாரி ஆகாதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள், நம்புங்கள், உரிய புகார்க் குழுவிடமோ ஆலோசகரிடமோ அன்றைக்கே கூட அழைத்துப் போங்கள். அவர் பெயர் உங்கள் நோட்டிலோ வகுப்புக் குழுவிலோ வரக் கூடாது.

"எதிர்த்துப் பேசினால் என் மதிப்பெண் போய்விடுமா?" என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அதை அலட்சியப்படுத்த முடியாது. காப்பு இதுதான்: தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போவது, "எனக்கு" என்பதற்குப் பதில் "26 பேருக்கு" என்று பேசுவது, நேரில் பேசியதை அன்று மாலையே ஒரு நன்றி மின்னஞ்சலில் எழுதி வைப்பது.

பலனைக் கையில் சேர்ப்பது

ஒரு நோட்டு போடுங்கள். ஐந்து கட்டம்: தேதி, பிரச்சினை, எத்தனை பேர், என்ன செய்தோம், முடிவு. செமஸ்டருக்கு மூன்று பக்கம் வரும். நேர்காணலில் "ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள்?" என்று கேட்கும்போது இந்த நோட்டுதான் பேசும். ரெஸ்யூமில் "வகுப்புப் பிரதிநிதி, 2 செமஸ்டர்" என்று மட்டும் எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். "40 மாணவர்களின் பிரதிநிதி, லேப் நெருக்கடியைக் கணக்கெடுத்து, புதிய கணினி வாங்காமலே ஆளுக்கொரு கணினி கிடைக்க ஏற்பாடு செய்தேன்" என்றால் அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும். செய்யாததை எழுதாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதத்திலும் இதே கதைதான். நாற்பது பேரில் ஒருவராக மட்டும் உங்களைப் பார்த்த ஆசிரியரால் "நல்ல மாணவர்" என்றுதான் எழுத முடியும். கூட்டத்தில் உங்களோடு உட்கார்ந்தவருக்கு எழுத விஷயம் இருக்கும். கேட்கும்போது நோட்டிலிருந்து மூன்று நிகழ்வுகளைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். பதவிக்காலம் முடிந்து இரண்டு ஆண்டு கழித்துக் கேட்பதைவிட, முடிந்த மாதத்திலேயே கேட்பது நல்லது.

இதற்கு மேலும் கதவுகள் உண்டு. ஐரோப்பிய உயர்கல்விப் பரப்பில் 2015இல் ஏற்கப்பட்ட தர உறுதிப்பாட்டு வழிகாட்டி, பல்கலைக்கழகத்தை வெளியிலிருந்து மதிப்பிடும் வல்லுநர் குழுவில் மாணவரும் இருக்க வேண்டும் என்கிறது. பேராசிரியர்களோடு சமமாக உட்கார்ந்து இன்னொரு பல்கலைக்கழகத்தை எடைபோடும் அந்த வேலைக்கு, மினிட்ஸும் விதிப் புத்தகமும் படித்துப் பழகிய பிரதிநிதிதான் பொருத்தமானவர். உங்கள் பல்கலைக்கழகத்திலும் தர மதிப்பீட்டுக் குழு மாணவர்களைச் சந்திக்க வரும்போது பிரதிநிதிகளையே முதலில் கூப்பிடுவார்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: இது உங்கள் தேர்வு மதிப்பெண்ணை உயர்த்தாது. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் துணைப் பிரதிநிதியிடம் அன்றாட வேலையை ஒப்படைத்துவிட்டுப் படியுங்கள். துணைப் பிரதிநிதி இல்லையென்றால் முதல் மாதத்திலேயே ஒருவரைக் கேட்டு வாங்குங்கள்.

பதவி முடியும்போது இரண்டு பக்கம் எழுதி அடுத்தவரிடம் கொடுங்கள். முதல் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கும் விஷயங்கள், ஒவ்வொன்றும் யார் மேசையில், எந்தத் தேதிக்குள். இரண்டாம் பக்கத்தில் அஜெண்டா கடைசித் தேதிகள், யாரை எப்படி அணுகுவது வசதி, மறுக்கப்பட்ட கோரிக்கைகளும் காரணங்களும். கொடுத்துவிட்டு அவரோடு முதல் கூட்டத்துக்கு ஒருமுறை கூடப் போய், துறைத் தலைவரிடமும் அலுவலக உதவியாளரிடமும் அவரை அறிமுகப்படுத்தி வையுங்கள்.